ஒன்பது புள்ளி இரண்டு ஆம்ப்ஸ்

போன மாதம் ஆக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்தில், நான் ஓய்வு பெற்ற பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் பெண்ணொருத்தியைச் சந்தித்தேன். ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது. சாப்பாடு, சுகம் எல்லாம் விசாரித்து முடித்ததும் கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“அங்கிள், இதப் பாருங்க. வோல்ட் எவ்வளவு, ஆம்ப்ஸ் எவ்வளவுன்னு போட்டா ரெசிஸ்டன்ஸும் பவரும் அதுவே சொல்லிடும். பச்சை வந்தா பாஸ், சிவப்பு வந்தா ஃபெயில். நீங்கல்லாம் எதுக்கு அட்டைக்குப் பின்னாடி கணக்குப் போட்டுட்டு இருந்தீங்க?”

“போடுற நம்பரே தப்பா இருந்தா என்னம்மா பண்ணும்?”

“அதெப்படி தப்பா இருக்கும்? மீட்டர் காட்டுறதைத்தானே போடுறோம்!”

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனாள். அவளுக்குச் சொல்ல நினைத்தது நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்தபின் எனக்காவது தெளிவு பிறக்குமா என்று கேட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஐ.டி.ஐ. படித்தவன். வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் பவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு குழப்பம் மட்டும் பல வருடங்கள் என்னை விடவில்லை. ஒரு சூத்திரத்தைப் பார்த்தால் ரெசிஸ்டன்ஸ் கூடக் கூடச் சூடு கூட வேண்டும். இன்னொரு சூத்திரத்தைப் பார்த்தால் குறைய வேண்டும். இரண்டும் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அச்சாகியிருந்தன. வாத்தியாரிடம் கேட்டேன். “பரீட்சையில எதைக் கேக்குறானோ அதை எழுதுடா” என்றார். எழுதினேன், தேறினேன், குழப்பம் அப்படியே இருந்தது. அதையும் சுமந்துகொண்டு மோட்டார் காயில் கட்டும் கடை, துபாயில் கொஞ்ச காலம், பிறகு மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து ஆக்லாந்து, இங்கே வந்து மறுபடியும் பரீட்சை என்று காலம் ஓடிவிட்டது.

அதைத் தீர்த்துவைத்தவர் பவானி அக்கா. எங்கள் பட்டறை நியூ லின்னில் ஒரு சந்துக்குள் இருந்தது. மின்சாரம் பாய்ந்தால் பழுத்துச் சூடாகும் கம்பிச் சுருளைத்தான் நாங்கள் எலிமெண்ட் என்போம். பேக்கரி அடுப்பு, பள்ளிச் சமையலறை ஸ்டீமர், டெய்ரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடைகளில், பை என்கிற இறைச்சி அடைத்த பண்டத்தைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் எலிமெண்ட் செய்து கொடுப்பதும், போய்ப் பழுது பார்ப்பதும் எங்கள் பிழைப்பு. சோதனைப் பிரிவுக்கு அக்கா பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தவர். இங்கே அகதியாக வந்து, அந்தப் படிப்பை யாரும் ஏற்காததால் சில ஆண்டுகள் பழக்கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு இந்த இடத்துக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

“சுந்தரம் தம்பி, சுவரில இருந்து வாற வோல்டேஜ் மாறாது. அது இருநூற்றி முப்பதில நிக்கும். அப்ப ரெசிஸ்டன்ஸ் கூடினா கரண்ட் குறையும், சூடும் குறையும். கரண்டை மாறாமப் பிடிச்சு வச்சாத்தான் மற்றச் சூத்திரம் நீர் நினைக்கிற மாதிரி வரும். எது மாறாம நிக்குது எண்டு முதல்ல கேளும்.”

இத்தனை வருடக் குழப்பம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்தது. அக்காவின் தமிழ் பழகத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. அவர் “ஓம்” என்று ஆமோதிக்கும்போதெல்லாம் ரெசிஸ்டன்ஸை ஓம் கணக்கில் சொல்லப்போகிறார் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அக்கா வைத்திருந்த சோதனை முறை வேறெங்கும் நான் காணாதது. சோதனைக்கு வரும் எலிமெண்ட்டில் அதன் வாட்ஸ் பொறித்திருக்கும். முதல் வேலையாக அந்த இடத்தில் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டி மறைத்துவிட வேண்டும். “பொறிச்சதை முதல்ல பாத்தா கண் அந்த நம்பரைத்தான் தேடும்” என்பார். பிறகு மின்சாரம் கொடுக்காமல், குளிர்ந்த நிலையில் ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும். அதன்பின் இணைப்புக் கொடுத்து, வோல்டேஜைத் திருகித் திருகிச் சரியாக இருநூற்று முப்பதில் நிறுத்த வேண்டும். எலிமெண்ட் நன்றாகச் சூடேறி வோல்ட் மீட்டரின் முள் அசையாமல் நிற்கும்வரை ஒன்றும் செய்யக்கூடாது. அக்கா அந்த நேரத்தில் பால் இல்லாத தேநீர் குடிப்பார். குடித்து முடித்தால் எலிமெண்ட்டும் தயாராகியிருக்கும்.

கடைசியாகக் கரண்ட். அதற்குக் கிளாம்ப் மீட்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி அதற்கு ஒரு வாய் உண்டு. ஒயரை வெட்ட வேண்டாம், தொடவும் வேண்டாம். வாயைத் திறந்து ஒயரை உள்ளே விட்டு மூடினால் எத்தனை ஆம்ப்ஸ் ஓடுகிறது என்று சொல்லிவிடும். அந்த எண்ணை வைத்து வேலை அட்டையின் பின்புறத்தில் இரண்டு கணக்கு. வகுத்தால் சூட்டில் உள்ள ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் பவர். போட்டு முடித்த பிறகுதான் டேப்பை உரித்துப் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். கணக்கு தப்பினால் அக்கா திட்ட மாட்டார். அட்டையைத் திருப்பி நீட்டி “இன்னொருக்கா” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வீட்டில் கரண்ட் பில்லைக்கூட நான் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

எலிமெண்ட் சுற்றுகிறவர் மணியம். மலேசியாவில் ஈப்போக்காரர், நாற்பதைத் தொட்டவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட கைவேலை. காகிதத்தில் காட்ட ஒரு படிப்பும் இல்லை. கிளென் ஈடனில் வாடகை வீடு, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வாய் சும்மா இராது. அக்காவின் டேப் முறையைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்: “அண்ணே, பொண்ணு பாக்கப் போனப்பகூட மூஞ்சில டேப் ஒட்டிட்டுத்தான் பாத்தீங்களா?” அக்காவே சிரித்துவிட்டார்.

மணியத்துக்கு வேலை விசா. அது இந்தப் பட்டறையோடு கட்டப்பட்டது. முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போடுவதற்கு முதலாளியின் ஆதரவுக் கடிதம் வேண்டும். தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த வேலை போனால் அந்த வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சேர்ந்து போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. அக்கா வருடம் தவறாமல் பட்டறையில் செய்வார். முதலாளி இந்த ஊர் வெள்ளைக்காரர், வடைக்காகவே முன்வரிசையில் வந்து நிற்பார். சுற்றும் எந்திரம், டிரில், ரம்பம், மீட்டர்கள் என்று எல்லாவற்றையும் துடைத்து மேசையில் அடுக்கி, அக்கா தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். எந்த ஆயுதத்துக்கும் அது வேலை செய்கிற இடத்தில்தான் பொட்டு என்பது அவர் வீட்டு வழக்கமாம். ரம்பத்துக்குப் பல்லில், டிரில்லுக்கு நுனியில், கிளாம்ப் மீட்டர் இரண்டுக்கும் வாயில். பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் காலை துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம்.

ஆரம்பித்த வேலை ஒரு பேக்கரி அடுப்புக் கம்பெனியின் ஆர்டர். எல்லாம் ஒரே அளவு, இரண்டாயிரத்து நானூறு வாட்ஸ். மணியம் சுற்றி முடித்து அடுக்கிவைத்திருந்தார். முதலாவதை எடுத்து டேப் ஒட்டினேன். குளிர்ந்த நிலையில் ரெசிஸ்டன்ஸ் இருபத்தொன்று. இணைப்புக் கொடுத்தேன், இருநூற்று முப்பதில் நிறுத்தினேன், அக்கா தேநீர் குடித்தார். கிளாம்ப்பை மாட்டினேன். ஒன்பது புள்ளி இரண்டு ஆம்ப்ஸ். வகுத்தேன், இருபத்தைந்து. பெருக்கினேன், இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு. டேப்பை உரித்தேன். இரண்டாயிரத்து நானூறு.

பத்து ஆம்ப்ஸுக்கு மேல் வந்திருக்க வேண்டும். அட்டையை நீட்டினேன்.

“இன்னொருக்கா” என்றார் அக்கா.

இன்னொருக்கா செய்தேன். அதே ஒன்பது புள்ளி இரண்டு. அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவது இன்னும் கொஞ்சம் குறைவு. அக்கா தானே வந்து வோல்டேஜைப் பார்த்தார், சரியாக இருந்தது. வெளிவேலைக்கு நான் கொண்டுபோகும் இன்னொரு கிளாம்ப்பை எடுத்துவரச் சொன்னார். அது ஒன்பது புள்ளி நான்கு காட்டியது. இரண்டு மீட்டரும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முரண்பட்டாலும், எலிமெண்ட்டில் குறை இருக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. மாலைக்குள் மொத்த ஆர்டருக்கும் சிவப்பு டேப் ஒட்டிவிட்டோம். சிவப்பு என்றால் தேறவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. குளிர்ந்த நிலையில் சரியாக இருக்கும் கம்பி, சூடானதும் ஏன் இப்படித் தாவுகிறது? நாங்கள் பயன்படுத்துவது நிக்ரோம் கம்பி. சூட்டில் அதன் ரெசிஸ்டன்ஸ் துளி ஏறும். இருபத்தொன்று இருபத்திரண்டாகும். இருபத்தைந்து ஆகவே ஆகாது. அக்கா அட்டைகளைப் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

“இது நிக்ரோம் இல்ல, தம்பி. சூட்டில இவ்வளவு ஏறுறதெண்டால் வேற உலோகம். கம்பி மாறியிருக்கு.”

கம்பியை எடுக்கிறவர் மணியம் ஒருவர்தான். அக்கா அவரைக் கூப்பிட்டார்.

“மணியம், எந்த ரீல்ல இருந்து எடுத்தனீர்?”

“எப்பவும் எடுக்குற ரீலுதான்கா.”

“லேபல் எங்க?”

“அது கிழிஞ்சி போச்சி. ஆனா ரீலு அதேதான்கா. நா ஏன்கா மாத்தப்போறேன்?”

மாற்றக் காரணம் உண்டு. நிக்ரோம் விலை கூடியது. நல்ல ரீலை வெளியே விற்றுவிட்டு மட்டக் கம்பியைச் சுற்றிவிட்டால் குளிர்ந்த அளவில் யாருக்கும் தெரியாது, சூட்டில்தான் மாட்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இதை முதலாளி மறுநாள் சொல்லியேவிட்டார். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பேன், அதற்குள் சரியான விளக்கம் வராவிட்டால் விசாக் கடிதமும் இல்லை, வேலையும் இல்லை என்றார். கத்தவில்லை. இந்த ஊரில் கத்தாமல் சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

நான் ஒரு காந்தத்தை எடுத்துக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரும்பு கலந்த கம்பியாக இருந்தால் ஒட்டியிருக்கும். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். “ஒட்டாத கலவையும் கனக்க இருக்கு” என்றார். அவர் தமிழில் கனக்க என்றால் நிறைய; சொன்னதும் சரிதான். கொஞ்சம் தெளிந்த குட்டை மறுபடி கலங்கிவிட்டது.

மத்தியானம் பின்பக்கம் மழைக்கு ஒதுங்கி மணியம் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை.

“அண்ணே, நா என்னா செஞ்சேன்னு எனக்கே புரியலண்ணே. கம்பி தப்பா, என் கை தப்பா? எதுன்னாலும் சொல்லுங்க, திருத்திக்கிறேன். வீட்ல இன்னும் சொல்லல.”

 கணக்கு அவருக்கு எதிராக இருந்தது. மனசு அவர் பக்கம் இருந்தது. நான் கணக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவன். அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அப்படிப் போனது எனக்கே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை கிளென் ஈடனில் ஒரு டெய்ரிக் கடைக்குப் போனேன். பை வைக்கும் பெட்டியில் கோளாறு என்று கடைக்காரம்மா கூப்பிட்டிருந்தார். பழக்க தோஷம், முதலில் வாட்ஸ் பொறித்த இடத்தில் டேப் ஒட்டினேன். எலிமெண்ட் சூடேறும்வரை காத்திருந்து கிளாம்ப்பை மாட்டினேன். மூன்று புள்ளி ஒன்பது ஆம்ப்ஸ். ரெசிஸ்டன்ஸ் ஐம்பத்தொன்பது, பவர் தொள்ளாயிரத்துக்கும் கீழே. டேப்பை உரித்தால் ஆயிரம் வாட்ஸ். சூடு குறைவாக இருக்கிறது, எலிமெண்ட் பலம் இழந்துவிட்டது என்று கடைக்காரம்மாவிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. குறைவா? கருகுகிறது என்றுதானே உன்னைக் கூப்பிட்டேன் என்றார்.

கருகியதற்குக் காரணம் தெர்மோஸ்டாட். சூடு ஏறியதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய அந்தச் சாதனம் ஒட்டிக்கொண்டு நிறுத்தாமல் விட்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். ஆனால் திரும்பி வரும் வழியில் வேறொன்று உறுத்தியது. ரயில் கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தபோது அது என்னவென்று பிடிபட்டது. அந்தப் பெட்டியின் எலிமெண்ட்டை அதற்கு முந்தைய மாதம்தான் நானே புதிதாக மாட்டியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து சீல் போட்ட டப்பாவில் வந்த சரக்கு. மணியத்தின் கைபடாதது. மாட்டிய அன்று அளந்தபோது நாலு ஆம்ப்ஸுக்கு மேல் சரியாக இருந்தது. அது எப்படி ஒரே மாதத்தில் பலம் இழக்கும்?

அதற்கு முன்தினம் ஒரு பள்ளிக்கூட ஸ்டீமரிலும் குறைவாகத்தான் காட்டியது. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன். ஆக, மணியம் செய்ததும் மட்டம், சீல் பிரித்துப் போட்டதும் மட்டம், பள்ளிக்கூடத்ததும் மட்டம். ஒரே வாரத்தில் மேற்கு ஆக்லாந்தில் உள்ள எலிமெண்ட் எல்லாம் சேர்ந்து கிழடு தட்டிவிட்டதா? கேட் திறந்து பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். இந்த ஊரில் அவ்வளவு சீக்கிரம் யாரும் அடிக்க மாட்டார்கள். ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.

எது மாறாமல் நிற்கிறது என்று கேள் என்று அக்கா சொல்லியிருந்தார். வோல்டேஜ் மாறவில்லை, பார்த்தாயிற்று. கம்பி மாறியிருக்கிறது என்று முடிவே கட்டியாயிற்று. மீட்டர் மாறாது என்று மட்டும் யாரும் பார்க்காமலே வைத்துக்கொண்டிருந்தோம்.

பட்டறைக்குள் நுழைந்ததும் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய முள் மீட்டரை எடுத்தேன். அதற்கு வாய் கிடையாது. ஒயரைப் பிரித்து நடுவில் இணைத்தால்தான் வேலை செய்யும். தொல்லை பிடித்தது என்று யாரும் தொடுவதில்லை.

“அக்கா, ஒரு தடவை கிளாம்ப்பை விட்டுட்டு இதுல பாக்கலாமா?”

“ஏன், கிளாம்ப்புக்கு என்ன? சேர்ட்டிபிக்கட் முடியேல்லையே” என்றார். மீட்டரின் முதுகில் சோதனைச் சான்று ஒட்டியிருந்தது. தேதி இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் எழுந்து வந்தார்.

சிவப்பு டேப் ஒட்டிய ஒரு எலிமெண்ட்டை இணைத்தோம். அன்று அக்கா தேநீர் போடவில்லை. முள் மெல்ல மெல்ல நகர்ந்து பத்தைத் தாண்டி, பத்தரைக்குச் சற்று முன்னால் நின்றது. அதே ஒயரில் கிளாம்ப்பை மாட்டினேன். ஒன்பது புள்ளி இரண்டு. ஒரே ஒயர், ஒரே கரண்ட், இரண்டு மீட்டர், இரண்டு எண். இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். எது பொய் சொல்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. கிழட்டு முள் மீட்டர் பொய் சொல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அக்கா கிளாம்ப்பை என் கையிலிருந்து வாங்கினார். வாயை அகலத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு தாடைகளும் ஒன்றையொன்று தொடும் முகங்களில் மெல்லிய மஞ்சள் படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு முக்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“சந்தனம்” என்றார்.

கிளாம்ப்பின் தாடைகள் இரும்போடு இரும்பு ஒட்டி மூட வேண்டும். நடுவில் காகிதம் கனத்துக்கு ஏதாவது இருந்தாலும் வெளிப்பார்வைக்கு மூடித்தான் தெரியும். அளவு மட்டும் குறைந்துவிடும். வாயின் நுனியில் வைத்த பொட்டு, திறந்து மூடியதும் உதிர்ந்து உள்ளே போய் அப்பிக்கொண்டது. வெளியில் துடைத்தோம், உள்ளே யார் பார்த்தார்கள்? மற்றதிலும் அதே கதை, கொஞ்சம் சந்தனம் குறைவு, அதனால் கொஞ்சம் ஆம்ப்ஸ் கூடுதல். அக்கா ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு முகங்களையும் நன்றாகத் துடைத்துவிட்டு ஒயரில் மாட்டினார். பத்து புள்ளி நான்கு.

எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்திவிடலாம் போலிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன்.

“முதலாளிகிட்ட மீட்டர் ரிப்பேர்னு சொல்லிடலாம்கா. பூஜை கதையெல்லாம் அவருக்கு எதுக்கு?” என்றேன்.

“மீட்டர் பழுதில்ல, தம்பி. நான் பூசினது. உள்ளதைத்தான் சொல்லோணும்.”

போய்ச் சொன்னார். நான் கதவருகே நின்றேன். வருடாவருடம் எங்கள் ஆயுதங்களை வணங்குகிறோம், அந்த வணக்கம் மீட்டரின் வாய்க்குள் போய்விட்டது என்பதை அக்கா தன் நிதானமான ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் விளக்கினார். முதலாளி முதலில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். மணியத்தின் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். நாங்கள் வெளியே வரும்போது, அடுத்த வருடமும் வடை உண்டுதானே என்று கேட்டுக்கொண்டார். அவர் கவலை அவருக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போது அக்கா எழுந்து நின்றார். தவறு தன்னுடையது, மணியத்தின் கம்பியிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை என்று முதலில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மணியத்தின் முன்னால் போய் நின்றார்.

“மணியம், நான் உம்மில சந்தேகப்பட்டது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

மணியம் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தார். அவர் ஏதாவது கேலி சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

“அக்கா, ஒன்னு கேக்குறேன், கோவிச்சிக்காதீங்க. கம்பிய சந்தேகப்பட்டீங்க. ரீல சந்தேகப்பட்டீங்க. என்னைய சந்தேகப்பட்டீங்க. அந்த மீட்டர மட்டும் ஏன்கா சந்தேகப்படல?”

 சமாதானமாக எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அக்காவுக்கு அது வராது.

“மீட்டருக்குச் சேர்ட்டிபிக்கட் இருந்தது, மணியம். உமக்கு ஒண்டும் இருக்கேல்ல.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார டிரைவர், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சரியாகப் புரியவில்லை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்துவிட்டு இங்கே வந்து பெட்டி அடுக்கியவர் சொல்கிற வார்த்தையா அது? அல்லது அப்படி அடுக்கியதால்தான் அவருக்கு அந்த உண்மை தெரிந்திருந்ததா? எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. கூடவே, அவர் ஒருவர்தான் அந்த அறையில் ஒளிக்காமல் பேசினார் என்றும் தோன்றியது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணியம் தலையை ஆட்டிவிட்டு எழுந்து சோதனை மேசைக்குப் போனார். அடுக்கிவைத்திருந்த எலிமெண்ட்களில் ஒன்றை எடுத்து, சிவப்பு டேப்பை உரிக்க ஆரம்பித்தார். நானும் போய் உரித்தேன். சற்று நேரத்தில் அக்காவும் வந்தார். மணியம் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். மூன்று பேரும் உரித்துக்கொண்டிருந்தோம். சூட்டில் இளகிக் காய்ந்திருந்ததால் டேப் லேசில் வரவில்லை.

“அக்கா” என்றார் மணியம், கையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கும் அப்டி ஒன்னு எழுதிக் குடுங்களேன்.”

குத்திக் காட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று வீட்டுக்குப் புறப்படுமுன் அக்கா உட்கார்ந்து, பட்டறையின் தலைப்புத்தாளில், மணியம் சுற்றும் எலிமெண்ட்டைப் பற்றியும் அவர் கையைப் பற்றியும் ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மணியம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படித்துப் பார்க்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மழையில் ரயிலைப் பிடிக்கப் போனார்.